பூச்சி தொடாத துத்தி

மூன்றாம் முறையும் மஞ்சள் மஞ்சளாகவே நின்றது.

சகாயசெல்வி தட்டை விளக்கொளிக்கு நேரே உயர்த்திப் பிடித்துப் பார்த்தாள். உள்ளங்கையளவே உள்ள அந்தத் தட்டில் தொண்ணூற்றாறு சிறு குழிகள் இருந்தன. ஒவ்வொரு குழியின் அடியிலும் பெருங்குடல் புற்றுநோய்ச் செல்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. எந்த நாட்டிலோ எந்த நோயாளியின் குடலிலிருந்தோ பல்லாண்டுகளுக்கு முன் எடுக்கப்பட்டு, இன்றளவும் ஆய்வகந்தோறும் பெருகிவரும் செல்கள் அவை. அவற்றின்மேல் துத்தி இலையின் சாற்றை அளந்து விட்டு, இரண்டு நாள் கழித்து ஒரு மஞ்சள் சாயத்தை ஊற்றுவார்கள். செல் உயிரோடிருந்தால் சாயம் ஊதாவாக மாறும். செத்திருந்தால் மஞ்சளாகவே கிடக்கும். சாறு விடாத குழிகள் நாவற்பழம் தின்ற நாக்கைப்போல் ஊதாவேறியிருந்தன. சாறு விட்டவற்றுள் மிகக் குறைந்த அளவு பெற்ற குழிகள் போக, மற்றவையெல்லாம் மஞ்சள்.

மூன்று தடவை இலை பறித்து, மூன்று தடவை நிழலில் உலர்த்திப் பொடித்து, மூன்று தடவை மெத்தனாலில் ஊறவைத்து வடித்தாயிற்று. ஒவ்வொரு தடவையும் விடை ஒன்றே. ஒரு மில்லிலிட்டருக்கு இருபத்திரண்டு மைக்ரோகிராம் சாறு சேர்ந்தால் பாதிச் செல்கள் மடிந்தன. இலைச்சாறு ஒன்று இவ்வளவு குறைந்த அளவில் இவ்வளவு வேலை செய்வது அரிது.

அவளுக்குத் தன் கையின்மீது ஐயம் தோன்றியதே இல்லை. முப்பத்து மூன்று வயது. ஆறாண்டுகள் பள்ளியொன்றில் வேதியியல் நடத்திவிட்டு, அந்த வேலையை உதறிவிட்டுத் திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் முனைவர் பட்டத்திற்குச் சேர்ந்தவள். பிப்பெட்டைப் பிடித்தால் தொண்ணூற்றாறு குழியும் ஒரே அளவாக நிரம்பும். ஒரு குழிக்கும் மறு குழிக்கும் இடையே வேறுபாடு வந்தால் கருவியைத்தான் சோதிக்க வேண்டும், செல்வியைச் சோதிக்க வேண்டியதில்லை என்று உடனிருப்பவர்கள் கேலியாகச் சொல்வார்கள். அதைக் கேலியாக அவள் எடுத்துக்கொண்டதில்லை.

ஆனால் காலம் அவள் கையில் இல்லை. ஆய்வேட்டை டிசம்பர் முடிவதற்குள் கொடுத்தாக வேண்டும். ஒரு முறை நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. ஆய்விதழ் ஒன்றில் ஒரு கட்டுரையாவது வெளிவராமல் ஆய்வேட்டை வாங்கமாட்டார்கள் என்பது பல்கலைக்கழகத்தின் விதி. கட்டுரையை எழுதி அனுப்பியிருந்தாள். இதழுக்காக அதைப் படித்த மதிப்பீட்டாளர்கள் ஒரே ஒரு வினாவைத் திருப்பி எழுப்பியிருந்தார்கள்: இந்தச் சாறு நல்ல செல்களை என்ன செய்கிறது?

நியாயமான வினாதான். நெருப்பு வைத்தாலும் புற்றுநோய்ச் செல் சாகும். அதனால் நெருப்பு மருந்தாகிவிடாது. நல்லதை விட்டுவிட்டுக் கெட்டதை மட்டும் கொன்றால்தான் பேச்சு.

எலியின் குடற்சுவரிலிருந்து வளர்க்கப்பட்ட நல்ல செல்களைப் புனேயிலுள்ள செல் சேமிப்பகத்திலிருந்து வரவழைத்தாள். அவை தட்டில் பரவி ஒட்டிக்கொள்ளும்வரை பொறுத்திருந்து, அதே சாற்றை அதே அளவுகளில் விட்டாள். அவை பிழைக்கும் என்று அவள் உறுதியாக நம்பியிருந்தாள். அவையும் செத்தன. அதே இருபத்திரண்டில் பாதி செத்தன.

வழிகாட்டியான பேராசிரியர் மகேஸ்வரி அந்த வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார். ஓய்வுபெற இன்னும் மூன்றாண்டு இருக்கும் அம்மையார். எதையும் மிகைப்படுத்தி எழுதவிடமாட்டார். மறைக்க வேண்டாம், நல்ல செல்லும் சாகிறது என்று எழுதிவிடு, புற்றுநோய்க்குக் கொடுக்கும் மருந்துகளில் பாதி இப்படிப்பட்ட நஞ்சுகள்தாமே என்று சொன்னார். அவ்வாறே எழுதினாள். செப்டம்பர் முதல் வாரத்தில் கட்டுரை ஏற்கப்பட்டதாகக் கடிதம் வந்தது. ஆய்வகத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் அவள் செலவில் ஜிகர்தண்டா.

கடிதம் வந்த வாரத்திலேயே இலைப்பொடி தீர்ந்துபோயிற்று. ஆய்வேட்டின் கடைசி அதிகாரத்திற்கு இன்னும் சில சோதனைகள் பாக்கியிருந்தன. வழக்கமாக இலை வெட்டித் தருபவர் அவளுடைய தகப்பனார் பவுல்ராஜ்தான். வெள்ளோட்டுக்குப் பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் மல்லிகைத் தோட்டம். வரப்பு நெடுகத் துத்திச் செடிகள். அவரோ வேளாங்கண்ணி மாதாவின் திருவிழாவிற்காக ஊர்க்காரர்களோடு நடைப்பயணம் போயிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை கன்னிவாடியில் தோழி வீட்டுத் திருமணத்திற்குப் போனவள், மலையடிவாரத்துச் சாலையோரம் துத்தி புதர் புதராக நிற்பதைக் கண்டாள். பட்டுச்சேலையோடேயே இறங்கி ஒரு பை நிறையப் பறித்துக்கொண்டாள்.

அந்த இலையின் சாறு செல்களை ஒன்றும் செய்யவில்லை. தட்டு முழுவதும் ஊதா.

வேறொருத்தியாயிருந்தால் தான் எங்கோ பிழை செய்துவிட்டதாக எண்ணி, அந்தத் தட்டைக் குப்பையில் போட்டிருப்பாள். சகாயசெல்வி அப்படி எண்ணவில்லை. மறுபடியும் செய்தாள், மறுபடியும் ஊதா. செல்கள் அவையே, சாயம் அதுவே, கையும் அதே கை. ஆகவே வேறுபாடு இலையில்தான் இருக்க வேண்டும் என்று முடிவு கட்டினாள். தன் கையை அவ்வளவு நம்பியதால், வேறெங்கும் ஓடி ஒளிய அவளுக்கு இடமில்லாமற்போயிற்று.

மாதிரிக்கென்று பொடிக்காமல் எடுத்துவைத்த பழைய இலைகள் சில காகித உறையில் இருந்தன. அவற்றை மேசைமேல் பரப்பி, பக்கத்தில் கன்னிவாடி இலைகளை வைத்தாள். கன்னிவாடி இலைகளில் பூச்சி புகுந்து விளையாடியிருந்தது. ஒன்று சுருண்டிருந்தது, ஒன்று சல்லடையாயிருந்தது. வெள்ளோட்டு இலைகளில் ஊசி நுழையும் துளைகூட இல்லை. துத்தி, பூச்சிகளுக்குப் பந்தி போட்ட செடி. அதில் ஒரு பூச்சிகூட உட்காரவில்லையென்றால் அதற்கு ஏதேனும் காரணம் இருக்க வேண்டும்.

சனிக்கிழமை காலையில் பேருந்தேறி வெள்ளோட்டிற்குப் போனாள். பவுல்ராஜ் மொட்டைத் தலையும் இன்னும் ஆறாத கொப்புளக் கால்களுமாகக் கட்டிலில் அமர்ந்து, மனைவி செபாஸ்தியம்மாள் காய்ச்சிக் கொடுத்த வெந்நீரில் கால்களை வைத்திருந்தார். மகளைக் கண்டதும், மாதாவிடம் அவள் படிப்புக்காக மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்ததாகச் சொன்னார். அவள் நேரடியாகவே கேட்டாள்.

"எனக்கு வெட்டிக் குடுத்த துத்தியில ஒரு ஓட்டை கூட இல்லையேப்பா. எப்படி?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. இந்தக் கேள்விக்காக ஓராண்டாகக் காத்திருந்தவர்போல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இருக்குமா தாயி? நீதானே சொன்ன, பூச்சி அரிச்ச எலை வேணாம், நல்ல எலையாப் பாத்து வெட்டிக் குடுங்கன்னு. மல்லிக்கு மருந்தடிக்கையில வரப்புத் துத்திக்கும் சேத்து அடிச்சு விட்ருவேன். மறுநா வெட்டிக் குடுத்துருவேன். இம்புட்டுச் சுத்தமா எவன் குடுப்பான்?"

சகாயசெல்வி வாய் திறக்குமுன் செபாஸ்தியம்மாள் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள்.

"வீட்டு வெஞ்சனத்துக்குப் பறிக்கிற கீரையில ஒரு சொட்டு மருந்து பட விடமாட்டாரு. பெத்த மகளுக்குக் குடுக்கிறதுக்கு அடிச்சிருக்காரு பாரு."

"வீட்டுக்கீரைய யாரு பாக்கப்போறா? இது காலேசுக்குப் போற எலை. நாலு பேரு கையில எடுத்துப் பாப்பாக. வெள்ளோட்டுக்காரன் ஓட்டை எலைய அனுப்புனான்னு பேரு வரவா?"

அவர் சொன்னதில் கள்ளமில்லை. பூவானாலும் காயானாலும், தோட்டத்தைவிட்டு வெளியே போகும் சரக்கு கண்ணுக்குக் குறையில்லாமல் இருக்க வேண்டும். இல்லையேல் கழிவு என்று ஒதுக்கிவிடுவார்கள். நாற்பதாண்டு சந்தை அவருக்கு அதைத்தான் கற்பித்திருந்தது. மகளுடைய ஆய்வகத்தையும் அவர் ஒரு சந்தையாகவே கொண்டுவிட்டார். அவளும் எப்படிப்பட்ட இலை வேண்டும் என்று சொன்னாளேயொழிய, அது எப்படி வளர்ந்திருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. மல்லிகைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்த மருந்தின் வாடை மூக்கில் உறைத்ததும் இல்லை.

என்ன மருந்து என்று கேட்டாள். மல்லிகை இலையை உறிஞ்சும் செஞ்சிலந்திக்கு அடிப்பது என்று சொல்லி, ஈரக்காலோடு நடந்துபோய் மோட்டார் அறையிலிருந்து குப்பியை எடுத்துவந்தார். அதன்மேல் ஒட்டியிருந்த பெயரைப் படித்த மாத்திரத்தில் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. உயிரணு மூச்சு வாங்கும் இடத்தையே அடைக்கும் மருந்து அது. மஞ்சள் சாயத்தை ஊதாவாக்குவதும் உயிரணுவின் அந்த மூச்சுதான். எண்ணெய்ப்பசையுள்ள அந்த மருந்து, இலையை அவள் குழாய்த் தண்ணீரில் அலசியபோது போயிருக்காது. மெத்தனாலில் ஊறவைத்தபோது இலையின் சத்தோடு சேர்ந்து இறங்கியிருக்கும். சாற்றை வற்றவைக்க வற்றவைக்க நஞ்சும் திரண்டிருக்கும். அவள் கையில் பிழையில்லை. அவள் கை ஓராண்டாகச் செஞ்சிலந்தி மருந்தை வெகு துல்லியமாக அளந்துகொண்டிருந்திருக்கிறது.

அவள் நிதானமாக எடுத்துச் சொன்னாள். பவுல்ராஜ் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அப்ப, உன் படிப்பு போச்சா?"

"படிப்பு எங்கயும் போகலப்பா. கெடுதான் போகும்."

அவர் குப்பியைக் கீழே வைத்தார். அதுவரை இல்லாத ஒரு தாழ்ந்த குரலில், மருந்தடிக்காத இலையைக் கொண்டு மறுபடி செய்துகொள்ளலாமே, பழையதை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லையே என்றார். அதற்குள் அந்தக் கட்டுரை அச்சாகிவிடும் என்று அவள் சொன்னாள். அதைப் படித்துவிட்டு எங்கோ ஒருவன் இரண்டாண்டைத் துத்தியில் தொலைப்பான். மூலநோய்க்குத் துத்திக்கீரை தின்னும் ஊர் இது. செய்தித்தாளில் நான்கு வரி வந்தால் போதும், குடலில் புற்று வந்தவன் மருத்துவமனைக்குப் போகாமல் வரப்பு வரப்பாகத் தேடுவான்.

திங்கட்கிழமை மகேஸ்வரியிடம் சொன்னபோது அவர் பதறவில்லை. ஒரு விவசாயியின் வாய்ச்சொல்லை வைத்துக்கொண்டு, ஏற்கப்பட்ட கட்டுரையைத் திரும்பப் பெற முடியாது. தட்டில் காட்டு என்றார். அக்டோபர் கடைசியில் அச்சுப்படி சரிபார்க்க வரும், அதற்குள் முடி என்று நாளும் குறித்துக்கொடுத்தார்.

பவுல்ராஜ் வரப்புத் துத்தியை முழங்காலளவுக்கு வெட்டிவிட்டு, புதுத்தளிர் வரும்வரை அதன்பக்கம் தெளிப்பானைக் கொண்டுபோகவில்லை. மூன்று வாரம் கழித்துச் செடிகள் தழைத்ததும் வரப்பை இரண்டாகப் பிரித்து, நடுவே நான்கு கழிகளை நட்டு, செபாஸ்தியம்மாளின் பழைய சேலைகளைத் திரையாகக் கட்டினார். காற்றில்லாத, மழையில்லாத ஒரு மாலையாகப் பார்த்து, ஒரு பாதிக்கு மட்டும் வழக்கம்போல் மருந்தடித்தார். அடிப்பதற்கு முன் மகளுக்குத் தொலைபேசியில் சொன்னார்; அடித்த பின்னும் சொன்னார். மறுநாள் மகள் வந்து நிற்க, பூச்சி அரித்திருந்த மருந்தடிக்காத பாதியை வெட்டிக் கூடையில் போடும்போது, இந்தக் கண்றாவியையா காலேசுக்குக் கொண்டுபோகப் போகிறாய் என்று கேட்டவருக்கு, மகள் சிரித்ததும் கொஞ்சம் தெம்பு வந்தது.

அவள் நான்கு தட்டுகள் வைத்தாள். மருந்தடித்த பாதியின் சாறு: மஞ்சள். மருந்தடிக்காத பாதியின் சாறு: ஊதா. கன்னிவாடி இலை: ஊதா. நான்காவது தட்டில் இலையே இல்லை. குப்பியிலிருந்த மருந்தை மட்டும் கோடியில் ஒரு பங்கு என்னும் அளவுக்குக் கரைத்து விட்டிருந்தாள். அதுவும் மஞ்சள். மீதமிருந்த பழைய இலைகளைக் கோயம்புத்தூரிலுள்ள ஓர் ஆய்வகத்திற்கு அனுப்பியிருந்தாள். எஞ்சிய நஞ்சைக் கணக்கிட்டு அவர்கள் அனுப்பிய தாளில் இருந்ததும் குப்பியின் பெயரேதான்.

அத்தோடு இன்னொன்றையும் செய்து பார்த்திருந்தாள். மருந்து படாத இலையின் சாற்றை அளவு கூட்டிக் கூட்டி விட்டுக்கொண்டே போனாள். இருநூற்று நாற்பது மைக்ரோகிராமில் புற்றுநோய்ச் செல்களில் மூன்றிலொரு பங்கு குறைந்தது. நல்ல செல்கள் அப்படியே இருந்தன. பெரிய விளைவன்று, ஆனால் அது துத்தியின் விளைவு.

அச்சுப்படி வந்த அன்றே நான்கு தட்டுகளின் படங்களோடு மகேஸ்வரியின் அறைக்குப் போனாள். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதைத் திரும்ப வாங்கினா டிசம்பர்ல உன்கிட்ட காட்டுறதுக்கு ஒண்ணுமே இருக்காது. தெரியுதுல்ல?"

"தெரியுது மேடம். காட்டுறதுக்கு இந்த நாலு தட்டு இருக்கு."

"குழு இன்னொரு நீட்டிப்பு குடுக்கும்னு எனக்கு உறுதி இல்ல செல்வி."

"குடுக்கலேன்னா மறுபடி பதிஞ்சு முதல்ல இருந்து செய்றேன். இது நான் செஞ்சதுலயே சரியான வேலை மேடம். அந்தக் கட்டுரை அப்படி இல்ல."

மகேஸ்வரி கணினியைத் தம் பக்கம் திருப்பினார். கட்டுரையில் இருவர் பெயரும் இருக்கிறது. ஆகவே கடிதத்தைத் தாமே எழுதுவதாகச் சொன்னார். காரணத்தை ஒளிக்காமல் எழுதினார். இலை சேகரிக்கப்பட்ட இடத்தில் பூச்சிமருந்து தெளிக்கப்பட்டிருந்தது, அதை நாங்கள் கேட்டறியத் தவறினோம் என்று இருந்த வரியில், சகாயசெல்வி 'நாங்கள்' என்பதை 'ஆய்வாளர்' என்று மாற்றச் சொன்னாள். அவர் மாற்றவில்லை. அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு, போய்ச் சாப்பிடு என்றார்.

நவம்பர் இரண்டாம் வாரத்தில் ஆய்வுக்குழு கூடியது. மகேஸ்வரி, துறைத் தலைவர், மதுரையிலிருந்து வந்த நிபுணர் ஒருவர் என மூவர். நிபுணர் நரைத்த மீசையும் சலிப்பு முகமும் உடையவர். இலைச்சாற்று ஆய்வுகளை நூற்றுக்கணக்கில் பார்த்துவிட்ட களைப்பு அவரிடம் தெரிந்தது. சகாயசெல்வி தன் பழைய முடிவை முதலில் காட்டினாள். அவர் தலையசைத்தார். அது பிழை என்றாள். அவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து அமர்ந்தார். ஓராண்டில் நேர்ந்ததை அவள் இருபது நிமிடத்தில் சொல்லி முடித்தாள். குரல் எங்கும் தழையவில்லை. வருத்தம் தெரிவிக்கும் சொல் ஒன்றும் அவள் பேச்சில் இல்லை.

"மருந்தடிச்சது யாரு?" என்று அவர் கேட்டார்.

"எங்க அப்பா. நான் கேட்ட மாதிரி எலை குடுக்கணும்னு அடிச்சாரு. அவர்கிட்ட கேக்க வேண்டிய கேள்விய நான் கேக்கல."

துறைத் தலைவர் விதிகளைப் புரட்டினார். கட்டுரை இல்லை, கெடுவும் முடிகிறது. இந்த நிலையில் பதிவை முடித்துவிடுவதே முறை என்று அவர் சொல்ல, மகேஸ்வரி மறுத்தார். இருவரும் சிறிது நேரம் வாதாடினார்கள். நிபுணர் இரண்டு பேரையும் கவனிக்காமல் நான்கு தட்டுகளின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, நாலாவது தட்டு ஒன்றுக்காகவே இந்தப் பெண்ணுக்கு ஓராண்டு கொடுக்கலாம் என்றார். ஆய்வின் தலைப்பை மாற்ற வேண்டும், வயலோரத்து மூலிகைகளில் தங்கும் பூச்சிமருந்து ஆய்வுமுடிவை எவ்வாறு திரித்துவிடுகிறது என்பதே பொருளாக இருக்க வேண்டும், துத்தியின் சொந்த விளைவு அதில் ஓர் அதிகாரமாக வரட்டும் என்று தம் கையாலேயே எழுதிக் கையெழுத்திட்டார். சிறப்பு அனுமதி என்று எழுதினால் தாமும் ஒப்புவதாகத் துறைத் தலைவர் சொன்னார். ஓராண்டு, அதற்குமேல் ஒரு நாளும் இல்லை.

சகாயசெல்வி நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தாள். தாழ்வாரத்தில் நின்று தகப்பனாருக்குச் சொல்லலாமென்று கைப்பேசியை எடுத்தபோது, நிபுணரும் அவள் பின்னாலேயே வெளியே வந்தார். அவரும் யாரையோ அழைத்துக்கொண்டிருந்தார். அவருடைய சலிப்பெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"சத்யபிரியா, கூட்டத்துல இருக்கேன், சுருக்கமாச் சொல்லு. அந்த ஆடாதொடை எலைய எங்க வாங்குனோம்? கடையிலயா? அந்தக் கடைக்காரனுக்கு எங்கயிருந்து வருது? … தெரியாதா? சரி, இன்னைக்கு வைக்கிற தட்ட வைக்காத. நிறுத்து. நான் வந்து சொல்றேன்."

அவர் பேச்சை முடித்தார். அந்த இலையை ஆராயும் தம் மாணவியின் ஆய்வேட்டில் நான்கு அதிகாரங்கள் எழுதி முடிந்துவிட்டன என்று தமக்குத்தாமே சொல்லிக்கொள்வதுபோல் சொன்னார். பிறகு, கோயம்புத்தூர் ஆய்வகத்தின் முகவரி வேண்டும் என்று கேட்டார்.

சகாயசெல்வி தன் குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து முகவரியை எழுதினாள். எத்தனை கிராம் இலை அனுப்ப வேண்டும், எந்த உறையில் அனுப்ப வேண்டும் என்பதை அதற்குக் கீழே எழுதினாள். பிறகு, அனுப்புமுன் கடைக்காரரிடம் நேரில் கேட்க வேண்டிய கேள்விகள் என்று தலைப்பிட்டு, நின்றபடியே ஐந்து கேள்விகளை எழுதி அவர் கையில் கொடுத்தாள்.